அனுப்புநர்: பா. கரோலின்

பாளையங்கோட்டை
16.6.2025

பத்மா,

உன் போனுக்கு ஒம்பது நாளா அடிச்சுப் பாக்கேன். ஒரு மணி அடிச்சுக் கட்டாயிருது. நீ என் நம்பரைத் தடுத்து வெச்சிருக்கேன்னு நம்ம கிளாஸ் ரீபா சொன்னா. அது நியாயம்தான். மெயில் அனுப்பலாம்னா என் பேரைப் பாத்தாலே நீ திறக்க மாட்டே. திறக்கவும் கூடாது. அதனாலதான் தபால்ல எழுதுதேன். கல்லிடைக்குறிச்சி வீட்டு விலாசம் கல்யாணப் பத்திரிகை ஒண்ணு அனுப்பும்போது எழுதி வெச்சது, டைரியில இருந்துச்சு.

ஏழாம் தேதி நீ போன் பண்ணும்போது நான் பஸ்ல நின்னுட்டிருந்தேன். "உன் மெயிலைப் படிச்சுத்தான் எங்கப்பா மாத்திரையை நிறுத்தினார். ரெண்டு கால் விரலை எடுத்துட்டா. போதுமா உனக்கு?" அவ்வளவுதான் சொன்னே. எனக்கு முதல்ல ஒண்ணும் ஓடல. வண்ணார்பேட்டை தாண்டினப்புறம்தான் நீ எந்த மெயிலைச் சொல்லுதேன்னே விளங்குச்சு.

அந்த மெயில்ல இருக்கிறது எல்லாம் நான் தட்டினதுதான். மாமாவுக்கு, உங்கப்பாவுக்கு அது போகும்னு எனக்குத் தெரியாது. ரெண்டாவது சொன்னது முதல்ல சொன்னதுக்குச் சாக்கு இல்ல. ரெண்டும் நடந்தது, அதனால எழுதுதேன்.

மாமாவை வந்து பாக்கணும். நீ வேண்டாம்னா வரல. எந்தக் கால்னுகூட எனக்குத் தெரியாது பத்மா. வலதா இடதான்னு அது மட்டுமாவது எழுது. ஜெபம் பண்ணும்போது அந்த இடத்துல வந்து நின்னு போயிருதேன்.

மாமிக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்னு தெரியல. ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

கரோலின்

*

கல்லிடைக்குறிச்சி
23.6.2025

கரோலினுக்கு,

இடது கால். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும்.

நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி மாதம் அப்பா யாரிடமும் சொல்லாமல் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, உன் மெயிலில் சொன்ன மலைச் சூரணத்தை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அம்மா காலையில் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையை வாங்கி வாயில் போடுவதுபோல் காட்டிவிட்டு, கொல்லைப்பக்கம் போய்த் துப்பியிருக்கிறார். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை இல்லை என்று எங்களிடம் காட்டி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்தாராம். மே மாதம் செருப்பு வார் அறுத்து ஒரு புண். கடுகளவுதான் இருந்தது. அதற்கும் அந்தச் சூரணத்தையே குழைத்துப் பூசியிருக்கிறார். ஜுரம் வந்து நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று மீட்டரில் எண்ணே வரவில்லை.

கண் விழித்ததும் அம்மா கேட்டாள், யார் சொல்லி இப்படிப் பண்ணினேள் என்று. தலையணைக்கு அடியில் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். உன் மெயிலை டவுனுக்குப் போய் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார். "கரோலின் எழுதியிருக்கா. அவ பொய் சொல்ல மாட்டா" என்றார். மின்வாரியத்தில் முப்பத்தி மூன்று வருஷம் ஒரு கையெழுத்துக்கு நான்கு முறை சரிபார்த்தவர்.

நீ வேலைக்கு விண்ணப்பம் போட்டபோதெல்லாம் உன் இங்கிலீஷைத் திருத்தி அனுப்பினாரே, அந்த விலாசத்துக்குத்தான் உன் மெயில் வந்திருக்கிறது.

இன்று காலை பதினொன்று பத்துக்கு அப்பாவுக்கு இன்னொன்று வந்தது. "அன்புள்ள வைத்தி அவர்களே, உங்கள் சூரணம் தீர்ந்திருக்கும், மறக்காமல் வாங்குங்கள், அன்புடன் கரோலின்." மன்னிப்புக் கடிதத்தைத் தபாலில் அனுப்பிவிட்டு மெயிலில் வியாபாரம் நடத்துகிறாய்.

ஒரே ஒரு கேள்வி. நீ எழுதியபடி உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை குணமாயிற்றா? அதற்குப் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பத்மப்ரியா

*

பாளையங்கோட்டை
27.6.2025

பத்மா,

இல்ல. எங்கப்பா காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு மாத்திரை போடுதாங்க. அந்த மெயிலைத் தட்டின அன்னைக்கும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

வேற எதுவும் எழுதாதேன்னு சொன்னே. இருபத்தி மூணாம் தேதி வந்த மெயிலை நான் அனுப்பல. அதை மட்டும் சொல்லிருதேன். நம்புறது உன் இஷ்டம்.

நான் போன ஆவணியில இருந்து டவுண்ல அம்பலவாணன் அண்ணாச்சிகிட்ட வேலை பாத்தேன். தெற்கு ரத வீதியில ஜவுளிக்கடைக்கு மேல மாடி. ஆன்லைன் வியாபாரம், கடிதம் எழுதத் தெரிஞ்ச பிள்ள வேணும்னாங்க. நான் வேலை பாத்த ஸ்கூலை மூடி ஏழு மாசம் ஆயிருந்துச்சு. சேர்ந்த அன்னைக்கே ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாத்தையும் வாங்கி பீரோல வெச்சுப் பூட்டினாரு. "பாதியில போயிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான்"னாரு. எல்லா இடத்துலயும் அப்படித்தான்னு விட்டுட்டேன்.

ரெண்டாம் மாசம் கேட்டாரு. "உன் சொந்த மெயில் எத்தனை வருஷம் ஆச்சும்மா?" காலேஜ் சேரும்போது திறந்தது, பத்து வருஷம் ஆகுது அண்ணாச்சின்னேன். "அது போதும். கம்பெனி பேர்ல அனுப்பினா குப்பையில போய் விழுது. பழைய கணக்குல இருந்து, ஒரு பொம்பளப் பிள்ள பேர்ல போனா நேரா வீட்டுக்குள்ள போவும்"னாரு. எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு அவர் சொன்ன விதத்துல அது கடை பேனாவுக்குப் பதிலா என் பேனாவுல எழுதுற மாதிரிதான் பட்டுது.

கணக்குல நுழைய போனுக்கு ஒரு எண் வரும்ல. "நீ லீவு போட்டா வேலை நின்னுரும்"னு என் நம்பரை எடுத்துட்டு ஆபீஸ் நம்பரைப் போட்டாரு. அந்தப் போன் அவர் சட்டைப் பையில இருக்கு. வெளியில வாங்கின விலாசத்தோட என் கணக்குல இருந்த விலாசம் எல்லாத்தையும் சேர்த்து ஏத்தினாரு. அதுலதான் மாமா போயிருக்காங்க. நீயும் போயிருப்பே. அப்பா கதையை அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். "எங்கப்பாவுக்கு அப்படி இல்லையே அண்ணாச்சி"ன்னேன். "அப்பான்னு எழுதினாத்தான் படிப்பான். உங்கப்பா பேரை யாரு கேக்கா"ன்னாரு.

நீ போன் பண்ணின மறுநாள் நான் வேலைக்குப் போகல. இன்னிக்கு வரைக்கும் போகல. ஆனா மெயில் போய்ட்டே இருக்கு. ராத்திரி என் கணக்கைத் திறந்து பாத்தா, பதிவான நம்பருக்கு எண் அனுப்பியிருக்கோம்னு வருது. அந்த மெயில் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். அதே பதில்தான். என் பேரு, என் போட்டோ, உள்ள வேற ஒரு ஆள். நான் வெளியில நின்னு கதவைத் தட்டுதேன்.

சர்ட்டிபிகேட்டைக் கேட்டுப் போன் பண்ணினேன். "ஒரு வருஷம் முடியட்டும்"னாரு. என் பேர்ல அனுப்பாதீங்கன்னேன். "வேணும்னா கணக்கை ஒரேயடியா அழிச்சிருதேன். உள்ள இருக்கிற எல்லாம் போவும். சரியா?"ன்னாரு. போனை வெச்சுட்டேன்.

எங்கம்மா மஸ்கட்ல நர்சா இருந்தது உனக்குத் தெரியும். ஆறு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாம எனக்கு மெயில் எழுதுவாங்க. கொரோனாவுல அங்கயே தவறிப்போய், அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. எங்களுக்குப் போன்ல ஒரு போட்டோ வந்துச்சு. நகையோ பெட்டியோ ஒண்ணும் வரல. அம்மான்னு எங்கிட்ட இருக்கிறது அந்த மெயில் மட்டும்தான்.

அதனாலதான் சரின்னு சொல்லல. நான் சொல்லாம இருந்த ஒவ்வொரு நாளும் எத்தனை பேருக்குப் போச்சோ.

கரோலின்

*

கல்லிடைக்குறிச்சி
5.7.2025

கரோலின்,

உன் கடிதத்தை மூன்று நாள் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் வந்த கோபம் மூன்றாம் நாளும் குறையவில்லை. உன் அம்மாவின் கடிதங்களை என் அப்பாவின் விரலுக்கு எதிராக வைத்து யோசித்தாய் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படி நீ யோசிக்கவில்லை என்பதும் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

ஆனால் நான் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அந்த மெயில் பிப்ரவரியில் எனக்கும் வந்தது. "அன்புள்ள பத்மப்ரியா அவர்களே" என்று ஆரம்பித்திருந்தது. நீ என்னை அவர்களே என்று கூப்பிட்டதைப் பார்த்ததும் இது ஊருக்கெல்லாம் அனுப்பியது என்று புரிந்தது. ஒன்றரை வருஷமாக ஒரு வரி எழுதாதவள் விளம்பரத்துக்கு மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறாளே என்று, படிக்காமலேயே அழித்தேன். நான்கு வரிதான். படித்திருந்தால் "உங்கப்பாவுக்கா குணமாச்சு? அவர் ரெண்டு வேளையும் மாத்திரை சாப்பிடுவாரே" என்று அன்றைக்கே உனக்குப் போன் பண்ணியிருப்பேன். சமையலறை அலமாரியில் அந்தச் சூரண டப்பாவையும் பார்த்தேன். அம்மாவின் மூட்டுவலிக்கு ஏதோ என்று நினைத்துப் பின்னால் தள்ளி வைத்தேன்.

நீ எழுதினாய், நான் படிக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அம்மா அழும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீ போலீசில் புகார் கொடு. சைபர் குற்றப் பிரிவில். நீ கொடுக்காவிட்டால் நான் கொடுக்க வேண்டியிருக்கும். நான் கொடுத்தால் என் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் காகிதம். அதில் அம்பலவாணன் பெயர் எங்கேயும் இல்லை. உன் பெயர்தான் இருக்கிறது.

அப்பா காலை ஊன்றப் பழகுகிறார். சுவரைப் பிடித்து வாசல் வரை.

பத்மப்ரியா

*

பாளையங்கோட்டை
15.7.2025

பத்மா,

நீ எழுதின மாதிரியே போனேன். ஒம்பதாம் தேதி காலையில சைபர் குற்றப் பிரிவு வாசல்ல பத்து நிமிஷம் நின்னேன். போலீஸ்காரம்மா ஒருத்தங்க வந்து "என்னம்மா வேணும்"னாங்க. "என் பேர்ல ஒருத்தர் பொய் மெயில் அனுப்புதாரு"ன்னேன். "யாரு எழுதினது?"ன்னாங்க. "நான்தான்"ன்னேன். அவங்க என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வந்து தெளிவாச் சொல்லு"ன்னாங்க. திரும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்டச் சொன்னேன். இவ்வளவு நாள் சொல்லல. எங்கப்பாவை உனக்குத் தெரியும், பாக்கியசீலன் சார்வாள்னு தெருவுல எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க. கேட்டு முடிச்சாங்க. மேசையில இருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பாத்துட்டு, "இதை நான் விட்டுட்டேன்னா எழுதினே?"ன்னாங்க. ஆமாப்பான்னேன். அன்னையில இருந்து மாத்திரையை அவங்களே எடுத்துப் போட்டுக்கிடுதாங்க. என்கிட்டக் கேக்கதில்ல.

இனி எழுதப்போறதைப் படிச்சா நீ காகிதத்தைக் கிழிச்சிருவே. முழுசாப் படிச்சுட்டுக் கிழி.

நான் அண்ணாச்சிகிட்ட மறுபடி வேலைக்குப் போறேன். பத்தாம் தேதியில இருந்து.

சர்ட்டிபிகேட்டை வாங்கலாம்னுதான் போனேன். "வந்துட்டியா, உக்காரு. நீ இல்லாம பதில் போட ஆளில்ல"ன்னாரு. உக்காந்தேன். கணக்கு திறந்து கிடந்துச்சு. ஒரு மாசத்துக்கு அப்புறம் என் கணக்கை அன்னைக்குத்தான் பாக்கேன். அம்மா மெயிலைத் தேடலாம்னு கை போச்சு. அதுக்கு மேல வந்து கிடந்ததைப் பாத்துட்டேன்.

பதில்கள். எல்லாம் என் பேருக்கு. களக்காட்டுல இருந்து ஐயம்பெருமாள்னு ஒரு விவசாயி, மகன் போன்ல இருந்து எழுதியிருக்காரு: "அம்மா கரோலின், நீ சொன்னபடி ஊசிய நிப்பாட்டிட்டேன். தலை சுத்துது. இது நல்லதுக்குத்தானா?" மாஞ்சோலையில இருந்து கீழ இறங்கி வந்து மணிமுத்தாறுல இருக்கிற ஒரு அம்மா: "மலையில இருந்தப்ப எனக்கு இந்த நோய் இல்ல, உன் மருந்து மலை மருந்துங்கிறதால நம்பினேன்." இப்படி நானூத்திச் சொச்சம். இதுக்கெல்லாம் அண்ணாச்சி என் பேர்ல ஒரே பதிலைப் போட்டிருக்காரு. "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், தொடருங்கள், அன்புடன் கரோலின்."

அண்ணாச்சி மேசைக்கு முன்னால என் மேசை. திரை அவரைப் பாத்து இருக்கு. பின்னாலயே உக்காந்து டீ குடிக்காரு. எந்த மெயிலைத் திறந்தாலும் "அது என்னது?"ங்காரு. வேலையை விட்டா இந்தக் கணக்குக்குள்ள நான் நுழையவே முடியாது. வேலையில இருந்தா அவர் சொல்லுறதைத்தான் தட்டணும். நேத்தும் அறுபது பேருக்கு அனுப்பினேன் பத்மா. தெரிஞ்சே அனுப்பினேன். எழுந்து போயிருந்தா மறுபடி உக்கார விட மாட்டாரு.

நீ புகாரை எழுது. என் பேரைப் போட்டே எழுது. ஆனா எனக்குக் கொஞ்ச நாள் கொடு. அவர் பத்து நிமிஷம் வெளிய போனா போதும்.

கரோலின்

*

கல்லிடைக்குறிச்சி
19.7.2025

கரோலின்,

கிழிக்கவில்லை.

புகாரை எழுதிவிட்டேன். எதிரி என்ற இடத்தில் முதலில் அம்பலவாணன் என்று எழுதினேன். அப்பா கேட்டார், "அவனை நீ பார்த்திருக்கியோ?" இல்லை என்றேன். "அப்போ பார்த்ததை எழுது." உன் பெயரை எழுத வேண்டியதாயிற்று. மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளின் இனிஷியல் பா-வா ஜெ-யா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்பா பெயரா அம்மா பெயரா என்று. பழைய குரூப் போட்டோவுக்குப் பின்னால் பார்த்து எழுதினேன். நீ எனக்கு எழுதிய கடிதங்களையும் சேர்த்துக் கொடுக்கிறேன். அவற்றில்தான் அந்த ஆளின் பெயர் இருக்கிறது. உன்னைக் காட்டிக்கொடுப்பதும் அவைதான், காப்பாற்றுவதும் அவைதான். கொடுக்கலாமா என்று கேட்கவில்லை. சொல்கிறேன்.

இருபத்தி எட்டாம் தேதி திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். அதற்கு மேல் தள்ள முடியாது. நேற்றும் அப்பாவுக்கு ஒரு மெயில் வந்தது.

நீ தட்டியதா அவர் தட்டியதா என்று பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

பத்மா

*

பாளையங்கோட்டை
26.7.2025

பத்மா,

நேத்து ஆடி வெள்ளி. காலையில வந்ததும் அறுபது பேருக்கு அனுப்பச் சொன்னாரு. அனுப்பினேன். பத்தரை மணிக்கு அண்ணாச்சி வீட்டுக்காரம்மா கீழ வந்து நின்னாங்க. "நெல்லையப்பர் கோயிலுக்குப் போயிட்டு நடை சாத்துறதுக்குள்ள வந்திருதேன். அடுத்த கட்டு மெயிலை ரெடி பண்ணி வையி"ன்னுட்டு இறங்கிப் போனாரு.

என்ன எழுதணும்னு பதினஞ்சு நாளா மனசுல எழுதி எழுதி வெச்சிருந்தேன். தட்டும்போது அதுல பாதிகூட வரல. வந்தது இதுதான்:

"என் பெயர் பா. கரோலின். மலைச் சூரணம் பற்றி நான் எழுதியது பொய். என் அப்பாவுக்குச் சர்க்கரை குணமாகவில்லை. இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திய ஒருவருக்கு இரண்டு கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். நீங்கள் மாத்திரையோ ஊசியோ நிறுத்தியிருந்தால் இன்றே டாக்டரிடம் போங்கள். காலில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குப் பிறகு என் பெயரில் எந்த மெயில் வந்தாலும் நம்ப வேண்டாம்." கீழ என் வீட்டு விலாசமும் போன் நம்பரும்.

ஒரு நாளைக்கு ஐந்நூறுக்கு மேல அனுப்ப விடாது. அறுபது காலையிலயே போயிருச்சு. மிச்சம் நானூத்தி நாப்பது. பதில் எழுதின ஆளுகளை மட்டும் பொறுக்கினேன், ஏன்னா சாப்பிட்டது அவங்கதான். நானூத்தி முப்பத்தி ஒண்ணு. அத்தனை பேருக்கும் அனுப்பிட்டேன். மாமாவும் அதுல உண்டு.

மிச்சம் ஒம்பது இருந்துச்சு. அம்மா பேரைத் தேடி, வந்த மெயில்ல மேல இருந்த ஒம்பதை நேத்து புதுசாத் திறந்த ஒரு கணக்குக்குத் திருப்பிவிட்டேன். எதுன்னு பாத்து எடுக்க நேரமில்ல. பத்தாவதை அழுத்தினேன், இன்னைக்கு இவ்வளவுதான்னு வந்துருச்சு. அதைத் திறந்து வெச்சுப் படிச்சேன். டூட்டி மாத்திட்டாங்க, கருவாடு அனுப்பினவங்களுக்கு நன்றி சொல்லு, அப்பா செருப்பு தேஞ்சிருந்தா மாத்தச் சொல்லு. இப்படித்தான் இருந்துச்சு. கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டு மூடினேன்.

ஒண்ணேகால் மணிக்கு அண்ணாச்சி வந்தாரு, நெத்தியில குங்குமத்தோட. போன் அடிச்சுட்டே இருந்துச்சு, வாங்கின ஆளுங்கதான். ரெண்டாவது போன்லயே அவருக்கு விளங்கிருச்சு. சத்தம் போடல. "உன் பேரை நீயே கெடுத்துக்கிட்டியே"ன்னாரு. "அது முன்னாலயே கெட்டுப்போச்சு அண்ணாச்சி. சர்ட்டிபிகேட்டைத் தாங்க"ன்னேன். "கோர்ட்டுல வாங்கிக்கோ"ன்னாரு. பையை எடுத்துட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் கணக்கை மூடிட்டாங்க. அண்ணாச்சி இல்ல, மெயில் கம்பெனியே. நிறையப் பேர் புகார் அழுத்தியிருப்பாங்க போல. விதியை மீறியதால் நிரந்தரமாக மூடப்பட்டதுன்னு வருது. இனி அண்ணாச்சியாலயும் நுழைய முடியாது, என்னாலயும் முடியாது.

திங்கட்கிழமை நீ கொடு. கடிதங்களையும் கொடு.

கரோலின்

*

கல்லிடைக்குறிச்சி
31.7.2025

கரோலின்,

உன் மெயில் வெள்ளிக்கிழமையே வந்தது. அப்பாதான் முதலில் பார்த்தார். "கரோலின் எழுதியிருக்கா" என்றார். அம்மா போனைப் பிடுங்கப் போனாள். அவர் கொடுக்காமல் சத்தமாகப் படித்தார். முடித்துவிட்டு, "இதை முதல்லேயே எழுதியிருக்கலாம்" என்றார். அதை பிரிண்ட் எடுக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை புகார் கொடுத்தாயிற்று. அப்பாவும் வந்தார். இரண்டு காகிதத்தையும் சேர்த்துக் கொடுத்தோம், பிப்ரவரியில் வந்ததையும் இப்போது வந்ததையும். இன்ஸ்பெக்டர் பெண். சர்க்கரை குணமாகும் என்று விளம்பரம் செய்வதே குற்றம், யார் பெயரில் செய்தாலும் குற்றம் என்றார். உன்னைக் கூப்பிடுவார்கள். எதிரியாகவா சாட்சியாகவா என்று கேட்டேன். விசாரித்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

அம்மாவுக்கு உன்மேல் கோபம் ஆறவில்லை. எனக்கு ஆறிவிட்டதா என்று கேட்காதே. உன் நம்பரைத் தடுத்திருந்ததை எடுத்துவிட்டேன். கூப்பிடாதே. எடுத்திருக்கிறேன் என்று மட்டும் தெரிந்துகொள்.

பத்மா

*

பாளையங்கோட்டை
21.8.2025

பத்மா,

நீ சொன்னதால கூப்பிடல.

ரெண்டு தடவை ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். அப்பா கூட வந்தாங்க. அண்ணாச்சியோட பீரோவைப் போலீஸ்ல திறந்து எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. என் சர்ட்டிபிகேட்டும் அதோட போயிருச்சு. வழக்கு முடியிற வரைக்கும் கோர்ட்டுப் பொறுப்புலதான் இருக்குமாம். ஊரை விட்டு வெளிய போனா சொல்லிட்டுப் போகணும். எதிரியா சாட்சியான்னு இன்னும் சொல்லல. ரெண்டு ஸ்கூல்ல கேட்டுப் பாத்தேன். பேரைச் சொன்னதும் ஒருத்தங்க நிமிர்ந்து பாத்தாங்க. அவங்களுக்கும் அந்த மெயில் வந்திருக்கு போல.

போன திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் எழுதுதேன். காலையில கதவைத் தட்டினாங்க. வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, அறுபது வயசு இருக்கும். கையில சூரணம் டப்பா. நான் எழுதியிருந்தேன்ல, களக்காடு ஐயம்பெருமாள். மெயில்ல போட்டிருந்த விலாசத்தை விசாரிச்சுட்டு வந்திருக்காரு.

"நீதான கரோலினு?"

"ஆமா அண்ணாச்சி."

"மருந்து பொய்யின்னு எழுதியிருந்தே."

"ஆமா."

அடிக்கப்போறாருன்னுதான் நினைச்சேன். அப்பா எழுந்து வந்து என் பக்கத்துல நின்னாங்க. அவர் டப்பாவை வாசப்படியில வெச்சாரு. "அப்ப எது நெசமான மருந்துன்னு நீயே சொல்லு. உன் பேச்சைக் கேட்டு விட்டேன். உன் பேச்சைக் கேட்டே மறுபடி ஆரம்பிக்கேன்."

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நான் டாக்டர் இல்ல."

"தெரியாமத்தான் எழுதினியா?"

"ஆமா."

அப்பா தண்ணி கொண்டுவந்து கொடுத்தாங்க. குடிச்சுட்டு மெதுவா, "எனக்கு ஊசி எழுதின டாக்டருகிட்ட போகக் கூச்சமா இருக்கு. யாரைக் கேட்டு நிப்பாட்டினேன்னு ஏசுவாங்க. என்ன சொல்லுவேன்? நீ கூட வா. நீ சொல்லு"ன்னாரு.

மெயிலை அனுப்பினதோட என் வேலை முடிஞ்சுதுன்னு நான் நினைச்சிருந்தேன் பத்மா. அந்த மனுசன் முன்னால நிக்கும்போதுதான் முடியலன்னு தெரிஞ்சுது. நானூத்தி முப்பத்தி ஒரு பேரு. எத்தனை பேர் வீட்டுக் கதவைத் தட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது. இந்த விலாசத்தை விட்டு நான் எங்கயும் போக முடியாது. போகவும் கூடாது.

அவரைக் கூட்டிட்டு, அவர் ஊசி வாங்குற ஹைகிரவுண்டு கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதி ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னோம். செருப்பைக் கழத்தச் சொல்லி அவர் கால் ரெண்டையும் விரல் விரலா நானே பாத்தேன். புண் இல்ல.

எங்க முறை வந்துச்சு. டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிப் பாத்துட்டு, "அஞ்சு மாசமா ஊசி போடலையா? யாரு நிறுத்தச் சொன்னது?"ன்னாங்க. ஐயம்பெருமாள் என்னைப் பாத்தாரு. அந்த அறையில நர்சு ரெண்டு பேரு, பின்னால வரிசையில ஒரு பத்து பேரு.

"நான்தான் மேடம்"னேன்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

என் பேரை மட்டும் சொன்னேன்.

கரோலின்